சூறாவளியின் அம்மாவை என்ன செய்வது?

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்காவுக்கு உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், உன் தம்பி மனைவியும், இரண்டு மாதத்தில் மாப்பிள்ளையாகப் போகிற உன் மருமகனும் சௌக்கியம். அங்கு நீயும் அத்தானும் பெண்கள் இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா? கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று. சௌக்கியம் என்று எழுதியது முறைக்காகத்தான். நான் சௌக்கியமாக இல்லை. மூன்று நாளாக உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. இதை ஈமெயிலில் அனுப்பாமல் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம், உன் ஈமெயிலை அத்தான்தான் திறந்து வீடு முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார் என்பது. அவர் இப்போது பக்கத்தில் இருந்தால் எதையாவது வாங்கிவரச் சொல்லிக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் படி.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நீ எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் உன்னைப் பார்க்க வருகிறார்கள். பையனின் அத்தை என்ற முறையில் அல்ல. இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் தொடங்கி, ஏழு வருஷம், இணையத்தில் ஒரு தாய்மார் மன்றத்தில் 'சூறாவளியின் அம்மா' என்ற பெயரில் ஆயிரத்து நூற்று நாற்பது பதிவுகள் எழுதிய பெண்மணி என்ற முறையில். நீ அப்படி எதுவும் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். எழுதியது நான்.

கோபப்படாமல் கேள். அந்தக் காலம் உனக்கு நினைவிருக்கும். உன் தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். எனக்கு அச்சகத்துக்குப் பிழை திருத்தும் வேலை, வீட்டிலிருந்தே. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் துண்டுச் சீட்டு, பேருந்து நேர அட்டவணை, பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் என்று எது வந்தாலும் சாப்பாட்டு மேஜையில் பரப்பிக்கொண்டு, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். கூடவே மூன்று வயசுப் பிள்ளை. அவனை நீ ஒரே ஒரு நாள் பார்த்துக்கொண்டாய். அன்று உன் கைக்கடிகாரத்தை அவன் வாஷிங் மெஷினில் போட்டு ஓடவிட்டதும், மறுநாளே நீ மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதும் எனக்கு மறக்கவில்லை. நீ ஒரு நாள் பார்த்தாய், நான் தினமும் பார்த்தேன். சோறு ஊட்ட ஒரு மணி நேரம், தூங்க வைக்க இரண்டு மணி நேரம், நடுவில் மருந்துச் சீட்டில் 'உணவுக்குப் பின்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'உணவுக்கு முன்' என்று இருக்கிறதா என்று வேறு பார்க்க வேண்டும். ஒரு வார்த்தை தப்பினால் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும். யாரிடம் யோசனை கேட்பது? அச்சகத்து ஃபோர்மேனிடம் கேட்டேன். "ஏன், வீட்ல பொம்பளைங்க இல்லியா?" என்றார். உன்னிடம் போனில் கேட்டேன். "ரெண்டு போடு, எல்லாம் சரியாப் போயிடும்" என்றாய்.

அப்போதுதான் ஒரு பெண்கள் பத்திரிகை நடத்திய அந்த மன்றம் கண்ணில் பட்டது. சோறு தின்னாத பிள்ளை, தூங்காத பிள்ளை, கடித்து வைக்கிற பிள்ளை, சுவரில் கிறுக்குகிற பிள்ளை என்று எனக்கு வேண்டிய தலைப்பாகவே வரிசையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே சிவப்பு எழுத்தில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று போட்டிருந்தது. சேர்வதற்கான படிவத்தில் 'நீங்கள் யார்?' என்று கேட்டு இரண்டே பதில் கொடுத்திருந்தார்கள்: தாய், தாயாகப் போகிறவர். இரண்டாவதைவிட முதலாவது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்ததால் அதை அழுத்தினேன். அவ்வளவுதான் அக்கா நான் செய்தது. மற்றதெல்லாம் தானாக நடந்தது.

தானாக என்றால் எப்படி என்று கேட்பாய். சேர்ந்த இரண்டாம் நாளே ஒருத்தி, "உங்களுக்குப் பிரசவம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் இருந்தால் சந்தேகம் வராதா? பத்தொன்பது மணி நேரம் வலி என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், என் வாய் சும்மா இருக்குமா? முதுகில் ஆரம்பித்த வலி முன்னால் வந்தது, பல்லைக் கடித்தேன், கட்டில் கம்பி வளைந்தது என்று ஒன்றரைப் பக்கம் போய்விட்டது. அறுபத்து மூன்று பேர் பாராட்டினார்கள். தாய்ப்பால் பேச்சு வந்தால் மட்டும் "பிள்ளை அழுகிறான், பிறகு வருகிறேன்" என்று எழுதிவிட்டு ஓடிவிடுவேன். மூன்று வயசுப் பிள்ளை இப்படிக் கணக்கு வைத்து அழுகிறானே என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம், தாய் என்று ஒருத்தி இருந்தால் அவளுக்குக் கணவன் என்று ஒருவன் வேண்டும் அல்லவா? என்னிடம் இருந்தது உன் தம்பி மனைவி மட்டும்தான். எனவே அவளையே 'அவர்' ஆக்கினேன். "அவர் வேலை விட்டு வருகிறார், ஷூவைக் கழற்றி மூலைக்கொன்றாக எறிகிறார், 'சாப்பிட என்ன இருக்கு?' என்கிறார், தட்டை எடுக்காமலே தூங்கிவிடுகிறார், நாள் முழுக்க நான் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை" என்று எழுதினேன். ஒரு சொல் பொய் இல்லை. அவ்வளவுதான், மன்றமே கொதித்து எழுந்துவிட்டது. "இந்த மாதிரி ஆம்பளையோட எப்படித்தான் குப்பை கொட்டறீங்க?" என்றாள் ஒருத்தி. விட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று இரண்டு பேர். ஒரு புண்ணியவதி தனக்குத் தெரிந்த வக்கீலின் முகவரியையே அனுப்பினாள். அப்போது 'அவர்' பக்கத்து அறையில் கால் இரண்டையும் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு என்று ஒரு சிநேகிதி இருந்தாள். 'ரெட்டைச்சடை அம்மா' என்று பெயர் வைத்திருந்தாள். அவளுக்கு என் பையனைவிட ஒரு வயசு சின்னதாக ஒரு பெண். யாருக்கு எத்தனை வயசு என்று தெரியாததால் நாங்கள் இருவருமே ஒருவரையொருவர் அக்கா என்றுதான் அழைத்துக்கொண்டோம். உன்னைத் தவிர உலகத்தில் நான் அக்கா என்று கூப்பிட்டது அவளை மட்டும்தான். அவள் அதிகம் எழுத மாட்டாள். நான் இரண்டு பக்கம் எழுதினால் அவள் இரண்டு வரி எழுதுவாள். ஆனால் அந்த இரண்டு வரிக்காகத்தான் நான் இரண்டு பக்கம் எழுதுவேன்.

இதை உனக்குச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு மத்தியானம், காய்ச்சல் விட்டு எழுந்த பிள்ளை, ஒரு வாரமாக நான் திருத்தி வைத்திருந்த பாடப்புத்தகப் பக்கங்களைக் கிழித்துத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டான். எனக்குக் கண் மண் தெரியாமல் கோபம் வந்தது. கை ஓங்கிவிட்டேன். அடித்துவிடுவேன் என்று எனக்கே பயமாகி, அவனை அறைக்குள் விட்டு வெளியே தாழ் போட்டுவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் உள்ளே அழுகிறான். நான் வெளியே உட்கார்ந்து, "நான் இந்தப் பிள்ளைக்கு லாயக்கில்லை, எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கிறது" என்று மன்றத்தில் எழுதினேன். பத்து நிமிஷத்தில் இருபது பேர் வந்து, நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு விதத்தில் பதில் இல்லை. அப்போது ரெட்டைச்சடை எழுதினாள்: "நானும் உட்கார்ந்திருக்கேன் அக்கா. எங்க வீட்ல மூணாவது படி. நீங்க எந்தப் படி?" ஐந்தாவது என்று எழுதினேன். "சரி. நான் இங்கேயே இருக்கேன். எழுந்து போய்க் கதவைத் திறந்துட்டு வந்து எழுதுங்க." போனேன். பிள்ளை கதவோரமாகவே தூங்கிப்போயிருந்தான். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால், "திறந்துவிட்டேன்" என்று எழுதினேன். அந்த ஒரு நாளை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவனைப் பெற்றவளிடமும் சொல்லவில்லை.

பிறகு பையனுக்குப் பத்து வயசு ஆயிற்று. ஒருநாள் பின்னால் வந்து நின்றுகொண்டு, "அப்பா, சூறாவளின்னா யாரு?" என்றான். பட்டென்று மூடினேன். அன்றோடு அந்தப் பக்கமே போகவில்லை. ரெட்டைச்சடையிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது வருகிறேன் இந்த வருஷத்துக்கு. உன் மருமகன், தன்னோடு வேலை பார்க்கிற பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான், நாமும் சரி என்றோம், நீயும் போனில் ஆசீர்வாதம் செய்தாய். போன வாரம் பெண் வீட்டுக்குப் போனோம். முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடை, பின்னால் வீடு. கடை சம்பந்தியுடையது. கனத்த மீசை, வழுக்கைத் தலை, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஆள். "வாங்க" என்றார், "உக்காருங்க" என்றார், அத்தோடு அவர் கோட்டா முடிந்தது. அதற்கும் சேர்த்துச் சம்பந்தியம்மா பேசினார்கள். வரி அலுவலகத்தில் பெரிய உத்தியோகம். பெண் பிறந்ததிலிருந்தே காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்களாம். டீயும் பிஸ்கட்டும் வந்தன. பெண்ணின் சின்ன வயசுப் பிடிவாதத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"இவ நாலு வயசுல மழை பூட்ஸைக் கழட்டவே மாட்டேன்னுட்டா. பதினோரு நாள் பூட்ஸோடயே தூங்கினா. அடிச்சும் பார்க்க முடியாது, கெஞ்சியும் பார்த்தாச்சு. அப்ப நெட்ல ஒரு தாய்மார் மன்றம் இருந்துச்சு. அதுல ஒரு அம்மா, 'பெரியவங்களும் பூட்ஸ் போட்டுட்டே படுங்க'ன்னு எழுதினாங்க. மூணாம் நாள் இவளே வந்து, 'அய்ய, அசிங்கமா இருக்கு, கழட்டு'ன்னுட்டா!"

எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. அக்கா, ரெட்டைச்சடை கேட்டபோது வந்த என் யோசனை அது. நான் எழுதியது. நான் இருமி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அந்த அம்மா கண் கலங்கச் சொன்னார்கள்: "சூறாவளியின் அம்மான்னு பேரு. அவங்க மட்டும் இல்லேன்னா இந்த வீடு வீடாவே இருந்திருக்காது. திடீர்னு ஒரு நாள் காணாமப் போயிட்டாங்க. எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சு, முதல் பத்திரிகை அவங்களுக்குத்தான் வைக்கணும்." சம்பந்தி எழுந்து வந்தார். என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார், சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டித் திருப்புளியை எடுத்துக் காதுக் கம்பியின் திருகை முடுக்கினார், துடைத்தார், திரும்ப என் மூக்கில் மாட்டினார். "லூசா இருந்துச்சு" என்றார். போய் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆக, என் ரெட்டைச்சடை என் சம்பந்தியம்மா! ஏழு வருஷம் நான் மனசைக் கொட்டிய ஆள் எனக்கு எதிரே உட்கார்ந்து பிஸ்கட் தட்டை நகர்த்துகிறார்கள். நான் வாய் திறந்து, "அது நான்தான்" என்று சொல்ல முடியுமா? பொம்பளை வேஷம் போட்டுப் பொம்பளைகளோடு ஏழு வருஷம் பேசிய ஆளின் வீட்டுக்கா என் பெண்ணை அனுப்புவேன் என்று அந்த அம்மா எழுந்து நின்றால், உன் மருமகன் கதி என்ன? அவன் வாழ்க்கை என் நாக்கு நுனியில் தொங்குகிறது. வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வந்தால், வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. மன்றத்திலிருந்து ஈமெயில். அந்தப் பத்திரிகை மன்றத்தை வேறொரு கம்பெனிக்குக் கைமாற்றுகிறதாம். யார் எழுதியது என்று தெரியாத பழைய பதிவுகளைப் புதியவர்கள் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். பதிவுகள் வேண்டுமென்றால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் சொந்தப் படம் வந்துவிடும். வேண்டாமென்றால் 'அழி' என்ற பொத்தானை அழுத்தலாம். ஞாயிறு மாலை ஆறு மணி வரை ஒன்றும் சொல்லாவிட்டால் அவர்களே அழித்துவிடுவார்கள். ஆகா, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல என்று நினைத்தேன். பேசாமல் ஆறு மணி வரை சும்மா இருந்திருந்தால் எல்லாம் தன்னால் முடிந்திருக்கும். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சொந்தக் கையால் அழித்தால்தான் நிம்மதி என்று உள்ளே போகப் பார்த்தேன்.

பாஸ்வேர்ட் மறந்துபோயிருந்தது. மறந்தவர்களுக்கு ஒரு ரகசியக் கேள்வி வரும். நான் அந்தக் காலத்தில் வைத்திருந்த கேள்வி: 'பிரசவ வலி எத்தனை மணி நேரம்?' பத்தொன்பது என்று போட்டேன், தவறு என்றது. ரகசியக் கேள்விக்கு மட்டும் உண்மையான எண்ணைப் போட்டிருக்கிறேன் போல. வேறு வழியில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் தம்பி மனைவியிடம், "ஏம்மா, இவனைப் பெத்தப்ப உனக்கு எத்தனை மணி நேரம் வலி?" என்று கேட்டேன். கை பாதியில் நின்றது. "இருபத்தாறு. இருபத்து நாலு வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு?" "சும்மாதான், ஞாபகம் வந்துச்சு." "ஞாபகம் உங்களுக்கா வந்துச்சு?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறாள்.

உள்ளே போய்விட்டேன். அழி பொத்தானும் கண் முன்னால் இருந்தது. ஆனால் அக்கா, முதல் பதிவைப் படித்தபோது ஒரு முற்றுப்புள்ளி இல்லை. அழிக்கப் போகிற பதிவுதானே, இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எனக்கு அப்படி விட வராது. முப்பது வருஷத் தொழில். வைத்தேன். அடுத்த பதிவில் ஒரு சொல் இரண்டு தடவை வந்திருந்தது, எடுத்தேன். இப்படியே நாற்பத்தொரு பதிவு திருத்திவிட்டேன். அப்புறம்தான் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன்: பதிவைத் திருத்தினால் அந்தத் தலைப்பைப் பின்தொடரும் எல்லோருக்கும் அறிவிப்புப் போகும். பதினாலு வருஷம் செத்துக் கிடந்த சூறாவளியின் அம்மா ஒரே காலையில் நாற்பத்தொரு தடவை எழுந்து நின்றிருக்கிறாள்! திரையின் மூலையில் ஒரு தனிச்செய்தி வந்தது. ரெட்டைச்சடையிடமிருந்து. "அக்கா, இருக்கீங்களா?" திருட்டுப் பூனை மாதிரி லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மாவின் போன். "சம்பந்தி, அந்த அம்மா உயிரோட இருக்காங்க! பழைய பதிவையெல்லாம் திருத்திட்டு இருக்காங்க! உங்களுக்குத்தான் அச்சகம், பத்திரிகைன்னு ஆளுங்களைத் தெரியுமே, யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்." இங்கே உன் தம்பி மனைவி கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறாள். அங்கே அந்த அம்மா பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். எனக்கு நாக்கு குழறிவிட்டது. "அது... அது எங்க அக்காதான்" என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பாடப்புத்தகத்தில் எத்தனை தடவை திருத்தியிருப்பேன்! போனில் அந்த அம்மா அழுதுவிட்டார்கள். ஞாயிறு பத்து மணிக்குக் குடும்பத்தோடு வருகிறார்கள்.

ஆகவே அக்கா, நீ தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுகிறேன். முதலாவது, நீ பிள்ளைகளை அடிக்கவே கூடாது என்கிற கட்சி. ஏழு வருஷம் அதைத்தான் பேசியிருக்கிறாய். ஆகவே ஞாயிற்றுக்கிழமை யாரையாவது பார்த்து "ரெண்டு போடு" என்று மட்டும் சொல்லிவிடாதே. உனக்கு ஒரு பையன் இருக்கிறான். இரண்டும் பெண்கள் என்பது ஒரு சின்னச் சிக்கல்தான், அடையாளம் தெரியாமலிருக்க மாற்றி எழுதினேன் என்று சொல்லிக்கொள். உனக்குக் கட்டில் கம்பி வளையும்படி பிரசவம் ஆனது. நீ பூட்ஸ் விஷயத்தில் நிபுணி. அப்புறம் அத்தான். அவர் ரொம்ப மோசமானவர். நான் சொல்லவில்லை, நீதான் சொல்லியிருக்கிறாய். அவரை அழைத்து வராமல் இருப்பது நல்லது. வந்தே தீருவேன் என்றால், உள்ளே நுழைந்ததும் ஷூவைக் கழற்றி மூலைக்கொன்றாக எறியச் சொல். "சாப்பிட என்ன இருக்கு?" என்று ஒரு தடவை அதட்டட்டும். பாவம், வாழ்நாளில் உன்னிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார், ஒத்திகை பார்த்துக்கொள்ளச் சொல். மாடிப்படி பற்றி அந்த அம்மா ஏதாவது சொன்னால் நீ ஒன்றும் பேச வேண்டாம். கையை மட்டும் பிடித்துக்கொள். எனக்காக.

அவர்கள் கிளம்பிப் போனதும் நான் அழி பொத்தானை அழுத்திவிடுவேன். அப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன். ஆனால் இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன். ஏனென்றால் அந்தப் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தலைப்பைத் தொடங்கியவரின் பதிவு போனால், அதன் கீழே மற்றவர்கள் எழுதிய பதிலும் சேர்ந்து போய்விடும். அந்த மூணாவது படி போய்விடும். என்னுடைய ஆயிரத்து நூற்று நாற்பதும் போகட்டும், குப்பை. அவள் எழுதிய இரண்டு இரண்டு வரியை அழிக்க நான் யார்? அதோடு, மறுபடி உள்ளே போய்க் கடைசிப் பக்கத்தைத் திறந்தபோது இதுவரை நான் பார்க்காததைப் பார்த்தேன். நான் காணாமல் போன பிறகு ரெட்டைச்சடை ஒரு வருஷம் எழுதியிருக்கிறாள். "அக்கா, எங்க இருக்கீங்க?" "அக்கா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" "சூறாவளிக்கு இன்னைக்குப் பிறந்த நாள்தானே, வாழ்த்துச் சொல்லுங்க." பதினாலு பதிவு. ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசி வரியில், "நான் ஏதாவது தப்பா எழுதியிருந்தா மன்னிச்சிடுங்க அக்கா" என்று இருக்கிறது. இதைப் படித்ததிலிருந்துதான் எனக்கு உட்கார முடியவில்லை. வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அட்டையைக் காட்ட வேண்டும், மூஞ்சியைக் காட்ட வேண்டும். காட்டினால் கல்யாணம் நிற்கும். அழித்தால் நான் மனுஷனில்லை. நீ மூத்தவள், நீயே ஒரு வழி சொல். சொல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு.

அத்தானுக்கு என் வணக்கம், மேலே எழுதியதற்காக மன்னிப்பும் கூட. பெண்கள் இருவருக்கும் ஆசிகள். யார் சூறாவளி என்று அவர்களுக்குள் சீட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளட்டும். நீ நூறு வருஷம் முழங்கால் வலி இல்லாமல் இருந்து, இந்தத் தம்பியைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் உடன்பிறந்த பாவத்துக்கு உரிய தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன், நீ படித்துத் தயாராவதற்காக முக்கியமான பதிவுகளை மட்டும் அச்செடுத்து வைக்கலாம் என்று இன்று காலை மன்றத்தைத் திறந்தேன். ரெட்டைச்சடை அம்மா என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு குறி. அடையாளம் சரிபார்க்கப்பட்டது. அதன் மேலே படம். கனத்த மீசை, வழுக்கைத் தலை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். சம்பந்திதான். அம்மா அல்ல, ஐயா. கூடவே ஒரு தனிச்செய்தி. வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்:

"அக்கா, மன்னிச்சிடுங்க. ஏழு வருஷம் உங்களை ஏமாத்தியிருக்கேன். நான் அம்மா இல்லை, அப்பா. கடையில உட்கார்ந்துக்கிட்டே பிள்ளையைப் பார்த்துக்கிட்டேன். அட்டையைக் காட்டினாத்தான் பதிவை வச்சுக்குவாங்களாம். காட்டிட்டேன். எனக்கு மானம் போனாப் பரவாயில்லை, உங்க பதில் போயிடக் கூடாது. பூட்ஸ் போட்டுட்டுப் படுத்தது நான்தான். என் வீட்டுக்காரிக்கு முதல்லயிருந்தே தெரியும், அவதான் உங்களைத் தேடச் சொன்னா. ஞாயிற்றுக்கிழமை உங்க தம்பி வீட்டுக்கு வர்றேன். நேர்ல மன்னிப்புக் கேக்கணும். எனக்குப் பேச வராது, தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் வாழ்நாளில் இவ்வளவு பேசியிருக்க மாட்டார்.

ஆகவே மேலே எழுதிய எதையும் நீ செய்ய வேண்டாம். கட்டில் கம்பியை மறந்துவிடு. அத்தான் ஷூவை எங்கே விட வேண்டுமோ அங்கேயே விடட்டும். ஞாயிற்றுக்கிழமை பையனின் அத்தையாக மட்டும் வா. உன் தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டேன். 'அவர்' பற்றி எழுதியதை மட்டும் காட்டச் சொன்னாள். டியூட்டிக்குக் கிளம்புகிற நேரம், ஒரு ஷூ காலில், ஒரு ஷூ கையில், நின்றுகொண்டே படித்தாள். "ஷூவை எறிஞ்சது நிஜந்தான். கால் வலிச்சிருக்கும்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்றாள். இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் போன பிறகு அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். அறிவிப்பு எல்லோருக்கும் போயிருக்கும், போகட்டும். படிக்கட்டில் உட்கார்ந்த கதையைச் சாயங்காலம் அவளிடம் சொல்ல வேண்டும்.

என் அட்டையையும் படமெடுத்து அனுப்பிவிட்டேன். படம் நாளைக்குத்தான் வருமாம். அதற்கு முன்னால் அவருக்குப் பதில் எழுதிவிட வேண்டும் என்று ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். 'மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு' என்று போட்டேன், அடித்தேன். 'ஐயா' என்று போட்டேன், அதையும் அடித்தேன். கடைசியில் இரண்டே சொல் எழுதி அனுப்பிவிட்டேன்: "அக்கா, நானும்தான்."